மார்கழிக் கோலம் என்ற ஃபோல்டர்

உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கலாம் என்று முதன்முதலில் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அது இப்போது காதுகுத்து பேனர் மாதிரி சாதாரணமாகிவிட்டது. சத்யா தன்னோடு கல்லூரியில் படித்த நிலவழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த மறுநாளே, அவளுடைய அப்பா திருப்பதி, இலுப்பூருக்குப் போய் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து, ஊர் முக்கத்தில் பஸ் நிற்கிற இடத்தில் கட்டிவிட்டார். பிளஸ் டூ படிக்கும்போது எடுத்த போட்டோ. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு வீட்டார் பெயர்கள். அம்மா புவனேஸ்வரியின் பெயரும் அதில் இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பையன் வேறு சாதி. அவ்வளவுதான் குற்றம். குடிகாரனா, வேலைவெட்டி இல்லாதவனா என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஒரு குறையும் கிடைத்திருக்காது, அதுவும் அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

திருப்பதியைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனிதர் என்பார்கள். உரக்கடை வைத்திருக்கிறார். வாடிவாசலில் பேர் சொல்கிற காளை ஒன்று வளர்க்கிறார். கோயில் கமிட்டியில் இருக்கிறார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல் போடுமுன் வந்து நிற்பார். அந்தத் தங்கமான பெயருக்குத்தான் அந்த வீட்டில் எல்லோரும் அடிமை வேலை பார்த்தார்கள், அவர் உட்பட.

பேனர் கட்டிய கையோடு மனைவியின் டச் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். “பேசுறதுக்கு இது போதும்” என்று ஒரு பட்டன் போனைக் கொடுத்தார். அதையும் சாயங்காலமானால் மகன் கோபிநாத் எடுத்து, யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பான். வேலையை மட்டும் விடச் சொல்லவில்லை. புவனேஸ்வரி இலுப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தாள். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று எதற்கு விண்ணப்பிப்பதானாலும் ஊர்க்காரர்கள் அவளைத் தேடித்தான் போவார்கள். “நம்ம வீட்டுல சொல்லி முடிச்சுத் தாரேன்” என்று நாலு பேர் முன்னால் சொல்வதில் திருப்பதிக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான் சத்யாவின் முதல் மெயில் வந்தது. அம்மாவுக்கு மெயில் ஐடி திறந்து கொடுத்தவளே அவள்தான். ‘அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ அழுதியா?’ என்று மட்டும் இருந்தது. எதிரே நின்ற ஆளிடம் ஆதார் நம்பரைக் கேட்டபடியே புவனேஸ்வரி அதைப் படித்தாள். அந்த ஆளுக்கு ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, இரண்டாவது தடவை அடிக்க வேண்டியதாகிவிட்டது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பதில் எழுதினாள். ‘எந்த ஊர்ல இருக்கேன்னு எழுதாத. தெருப் பேரும் வேணாம், போன் நம்பரும் வேணாம். என்னய ஒக்கார வச்சு அடிச்சுக் கேட்டா நான் சொல்லிருவேன் சத்யா. எனக்குத் தெரியாம இருக்குறதுதான் ஒனக்குப் பாதுகாப்பு.’ தன்னைப் பற்றி அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள் புவனேஸ்வரி.

சத்யா சொன்னபடி நடந்தாள். மில்லில் வேலை என்று எழுதுவாள், எந்த மில் என்று எழுத மாட்டாள். ஆற்றுப் பாலம் என்று எழுதுவாள், ஆற்றுக்குப் பெயர் இருக்காது. கருவாட்டுக் குழம்பு வைத்ததை எழுதினாள். ‘ஒன் குழம்பு மாதிரி வரல. அவரு நல்லா இருக்குன்னு பொய் சொன்னாரு.’ பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை, மண் வாசனை வந்தால் மட்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். புவனேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது. பிரசவத்துக்கு யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு எழுதியதற்கு, ‘பக்கத்து வீட்டு அக்கா இருந்தாங்க’ என்று பதில் வந்தது. அன்று புவனேஸ்வரி கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி சென்டரின் பின்பக்கம் போய்விட்டாள்.

இப்படித் திருட்டுத்தனமாகப் படிப்பதில் அவளுக்கு மனசு ஆறவே இல்லை. ஒரு வரி படிப்பதற்குள் கவுன்டரில் ஒரு கை நீளும், “அம்மா, எங்க அப்பாரு பேருல ஒரு புள்ளி விட்டுப்போச்சுங்க” என்று. பெற்ற மகள் எழுதியதைப் புள்ளிக்கும் கமாவுக்கும் நடுவே படிக்க வேண்டியிருந்தது. பேத்தி பிறந்த பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, நிதானமாக, வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவள் வாழ்க்கையில் தனக்கென்று பட்ட ஆசைகளில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கோபிநாத் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. அவன் கைக்குப் போன் வந்ததும் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அது ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு நடு அறை மூலையில் கிடந்தது. நெட் இல்லாவிட்டால் என்ன, மெயில்களை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் போகிறது என்று யோசித்தாள். முதல் தடவை மெயில் பக்கத்தின் லிங்கை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் திறந்தால் ‘இணைப்பு இல்லை’ என்று வெள்ளைப் பக்கம் வந்தது. மறுவாரம் சென்டரில் உட்கார்ந்து பழகிக்கொண்டாள். ஒவ்வொரு மெயிலையும் திறந்து, பக்கத்தை அப்படியே படத்தோடு சேர்த்துச் சேமித்தாள். சேமிக்குமுன் ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்து, ஊர்ப் பெயர் ஏதும் தவறிப்போய் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. பென் டிரைவ் வீட்டுக்கு வந்து வெந்தய டப்பாவுக்குள் சேர்ந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு ‘மார்கழிக் கோலம்’ என்று ஃபோல்டர் போட்டாள். மேலே காட்சிக்கு நாலு நிஜக் கோலப் படம். அந்த வீட்டு ஆண்கள் சாகும்வரை அந்தப் பெயரைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு, அந்தக் கணக்கில் தப்பே இல்லை. கோலம் என்றால் படம்தானே என்று, படங்கள் இருக்கிற இடத்திலேயே அதை ஒழுங்காக வைத்தாள். எதையும் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பவள். அரிசிப் பானைக்குள் உப்பை வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை ஆயின. அப்பனும் மகனும் காளையை நடத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனதும் துண்டை விலக்குவாள். ‘பாப்பாவுக்கு ஒன் காது. அப்படியே ஒன் காது அம்மா’ என்ற மெயிலை எத்தனை தடவை படித்தாளோ. ‘ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவு. அன்னிக்கு நான் மெயிலைத் தொறக்கவே மாட்டேன், தொறந்தா ஏமாத்தமா இருக்கு’ என்று ஒன்றில் சத்யா எழுதியிருந்தாள். அதைப் படிக்கும்போதெல்லாம் புவனேஸ்வரி, “நான் இங்க ஒங்கூடத்தான்டி இருக்கேன்” என்று திரையைப் பார்த்துச் சொல்வாள்.

கடைசியாகக் கொண்டுவந்த மெயிலில் பேத்தியின் படம் ஒன்று இருந்தது. பாயில் மல்லாக்கக் கிடந்து, தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது குழந்தை. புவனேஸ்வரி திரையில் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கோபிநாத் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தான். மாசித் திருவிழா மஞ்சுவிரட்டுக்கு பேனர் அடிக்க வேண்டும், அதற்குக் காளையின் படம் தேவை. சென்ற வருடத்துப் படங்கள் எல்லாம் இதில்தான் இருந்தன. புவனேஸ்வரிக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. ஆனாலும், கோலத்தை இவன் ஏன் திறக்கப்போகிறான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மாவைக் கரைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, இங்கிட்டு வாங்க” என்று அவன் கூப்பிட்டது கேட்டது. கூப்பிட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

திருப்பதி சாப்பிட வந்து உட்கார்ந்தார். தோசை நன்றாக முறுகலாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டார்.

“காலைல நானும் கோபியும் மாடு பாக்கப் போறோம். கட்டுச்சோறு கட்டிக் குடுத்துரு” என்றார்.

“எங்கிட்டுங்க?”

“கரூருக்கு அங்கிட்டு. வாடகைக் கார் சொல்லிருக்கேன். வர சாயங்காலம் ஆயிரும்.”

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முழு ஞாயிற்றுக்கிழமையும் தனக்கே கிடைக்கப்போகிறது. விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறினாள், வடகம் வறுத்தாள், கோபிநாத்துக்குப் பிடிக்குமே என்று இரண்டு முட்டையும் அவித்து வைத்தாள். வாசலில் நின்று, “பாத்துப் போய்ட்டு வாங்க” என்று வழியனுப்பினாள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வாசல், தொழுவம், பாத்திரம் எல்லாம் முடித்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டை விலக்கினாள். கோபிநாத் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை, திரையை மட்டும் அணைத்திருந்தான். பொத்தானை அமுக்கியதும் திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்துகள் தெரிந்தன. ‘செல்வலட்சுமி மளிகை, பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில், தாராபுரம்.’ அதன் கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே கிழிக்காத ஒரு தேதித் தாள்.

இது என்ன என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. கோபி ஏதோ கடை விளம்பரம் பார்த்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். படத்தைச் சின்னதாக்கினாள். காலண்டர் சுருங்கிச் சுவருக்குப் போனது. சுவருக்குக் கீழே பாய் வந்தது. பாயில் பேத்தி, கால் கட்டைவிரலை வாயில் வைத்தபடி.

ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தவள் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. பேத்தியின் முகம் இருக்கிற படத்தில் எந்த ஆச்சி சுவரைப் பார்ப்பாள்? தை பிறந்தால் மளிகைக்கடைக்காரர் கொடுக்கிற காலண்டரை ஆணியில் மாட்டாத வீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? எழுதும்போது ஊரை மறைத்த சத்யாவுக்கும், தினமும் தேதி கிழிக்கிற காலண்டரில் ஊர் இருப்பது தோன்றவில்லை. படத்தை மூடியதும் அதன் பின்னாலிருந்து காளைகள் வரிசையாக வந்தன. அந்தக் கம்ப்யூட்டர், எந்த ஃபோல்டரில் ஒளித்திருந்தாலும் படங்களையெல்லாம் திரட்டி, புதிதாக வந்ததை முதலில் வைத்துக் காட்டும். காளையைத் தேடினவனுக்கு அதுவே முதலில் குழந்தையை எடுத்துக் காட்டியிருக்கிறது.

மாடு பார்க்க எந்தப் பக்கம் போனார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரூரைத் தாண்டினால் தாராபுரம்.

அவள் செய்த முதல் காரியம் பைத்தியக்காரத்தனமானது. சத்யாவின் மெயிலைத் திறந்து, அதன் அடியில் இருந்த ‘பதில்’ என்ற பொத்தானை அமுக்கினாள். சேமித்த பக்கத்தில் அந்தப் பொத்தானும் பத்திரமாக வந்திருந்தது. அமுக்கினாள், மறுபடியும் அமுக்கினாள். இணைப்பு இல்லை என்றது. மகள் எழுதியது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஓடு என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல அதில் வழி இல்லை. இலுப்பூருக்கே ஓடிப்போய் சென்டரைத் திறக்கச் சொல்லி எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவள் மெயிலைப் பார்க்க மாட்டாள்.

பிறகுதான் காலண்டர் நம்பர் நினைவு வந்தது. பட்டன் போனை எடுத்தாள். இரண்டு தடவை நம்பர் தப்பாகப் போயிற்று.

“செல்வலட்சுமி மளிகைங்க, சொல்லுங்க.”

“ஐயா, ஒங்க கடைப்பக்கம் சத்யான்னு ஒரு பொண்ணு, கைக்குழந்தை வச்சிருக்கும், மில்லுக்குப் போற பொண்ணு...”

“அட, நிலவழகன் சம்சாரமா? நீங்க யாருங்க?”

“நான் அவ அம்மாய்யா.”

“அப்படிங்களா! ரொம்பச் சந்தோசமுங்க” என்றார் அவர். அந்த மனிதருக்கு நிஜமாகவே சந்தோஷம். “காலைல பொண்ணோட அப்பாரும் அண்ணனும் வந்தாங்க. என்ர கடைலதான் விசாரிச்சாங்க. பேத்திய இன்னும் கண்ணுலயே பாக்கலீங்கன்னு சொல்லி அப்பாரு கண்ணு கலங்கிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. கடைய அப்படியே போட்டுட்டு நானே கூடப் போய் வீட்டக் காமிச்சேன். மாப்பிள்ளைக்கு இன்னிக்கு ஷிப்டு, பொண்ணு மட்டும்தான் இருந்துச்சு. கதவத் தொறந்து அப்பாரப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சுங்க.”

“ஐயா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், அங்க ஓடுங்க. அவரு பேத்தியப் பாக்க வரலய்யா. ஆளுகளக் கூட்டிக்கிட்டு ஓடுங்கய்யா. எம்புள்ளையக் கொல்லத்தான் வந்திருக்காங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற ஓசை கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

நூறுக்கு அடித்தாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். மகள் பெயர், மருமகன் பெயர், அடையாளம் எல்லாம் சொன்னாள். வீட்டு முகவரி கேட்டபோது தெரியாது என்றாள். தெரிந்துகொள்ளவே கூடாது என்று கட்டிக் காத்தது அவள்தானே. கடை பெயரைச் சொன்னாள். அந்த ஊர் ஸ்டேஷனுக்கு உடனே தகவல் சொல்வதாகச் சொல்லி, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரிடம் சொல்லவும் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடியும் கடைக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. கணவனுக்கு அடித்தாள், கோபிக்கு அடித்தாள். இரண்டு போனும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன.

வெயில் ஏறி இறங்கும்வரை அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று யோசித்தால், ஊர்ச் சாமி எல்லாம் கமிட்டிக்காரருடைய சாமியாகவே தோன்றியது. ஒருவேளை வாசலில் குழந்தையைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகியிருக்கும் என்று நினைத்தாள். பெற்ற மகள்தானே, தோளில் தூக்கிவைத்துத் திருவிழா காட்டிய மகள்தானே. அழுதுவிட்டு, கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைக்க நினைக்க அது நடந்ததாகவே ஆகி, காரில் அவர்களோடு சத்யாவும் வந்தால் இரவுக்கு என்ன சமைப்பது என்பதுவரை போய்விட்டாள். மனசு எவ்வளவு வெட்கங்கெட்டது பாருங்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கார் சத்தம் கேட்டது. ஓடிவந்து வாசலில் நின்றாள். இருவரும் இறங்கினார்கள். கார் போய்விட்டது. அவர்களோடு வேறு யாரும் இறங்கவில்லை.

திருப்பதி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. நேராகத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்டுத் தொட்டிக்குப் போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டை வேட்டியோடு, வாளியில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். மொண்டு மொண்டு ஊற்றினார். அடுத்து கோபிநாத் நின்றான். அவனால் வாளியைத் தூக்க முடியவில்லை. அவன் தலையிலும் அவரே ஊற்றிவிட்டார். இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. எத்தனையோ சாவுகளுக்கு முன்னால் நின்ற திருப்பதி, அந்த முறையில் ஒருநாளும் தவறியதில்லை.

தெருவில் புல்லுக்கட்டோடு போன அழகம்மாள் நின்று, “எந்த ஊருலண்ணே சாவு?” என்று விசாரித்தாள்.

“சொந்தத்துலதான் தாயி. நீ போ” என்றார் அவர்.

புவனேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பதி முகத்தை வழித்துவிட்டு அவளைப் பார்த்தார். தொட்டியில் மறுபடியும் வாளியை முக்கி, நிறையத் தண்ணீர் எடுத்து, அவள் பக்கமாகத் தரையில் வைத்தார்.

“கொழந்தைய ஒண்ணும் பண்ணல” என்றார். “நீயும் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள போ.”